சாமான் பரப்பில் ஒரு கீபோர்டு

ஜோசப் ராஜுக்குத் தெரியாத விஷயம் என்று செக்காலை ரோட்டில் எதுவும் கிடையாது. மிக்ஸி ஓடாவிட்டால் ஒரு காரணம் சொல்வார். மழை பெய்யாவிட்டால் இன்னொரு காரணம் சொல்வார். இரண்டு காரணத்திலும் வோல்டேஜ் என்ற சொல் எப்படியாவது வந்து உட்கார்ந்துகொள்ளும். சைக்கிள் கடைக்கு மேல் மாடியில், படியேறி வந்தவர்கள் மூச்சு வாங்கி நிற்கும் இடத்தில் ஒரு பலகை தொங்கியது: ராயல் கம்ப்யூட்டர் அகாடமி, இயக்குநர், பொறியாளர் ஜோசப் ராஜ். மூச்சு வாங்குகிறவர்கள் வேறு வழியில்லாமல் அதைப் படிப்பார்கள்.

பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் தேறாமல் வெளியே வந்தவர் அவர் என்பது ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவரே. இன்னொருவர் மனைவி பெனிட்டா. பெனிட்டாவுக்கும் தாலி ஏறிய பிறகுதான் தெரியும்.

அவள் கான்வென்டில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறவள். "தெரியலைன்னா கையத் தூக்கணும்னு எங்க கிளாஸ்ல சொல்லிக் குடுத்திருக்கேன். நீங்க ஒரு நாளாச்சும் தூக்கியிருக்கீகளா?" என்பாள். "தெரியலைன்னு சொன்னா வாயில இருக்க முத்து உதிர்ந்துருமோ?"

"இந்தத் தொழில்ல கான்ஃபிடன்ஸ்தான் முதலு, பெனி. தெரியாதுன்னு ஒரு தடவ சொன்னோம்னு வையி, அப்புறம் தெரிஞ்சதச் சொன்னாலும் நம்ப மாட்டாக."

தெரிந்தது எது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆவணியில், கண்டரமாணிக்கம் மெய்யநாதன் அந்தப் படிகளில் ஏறி வந்தார். இந்தத் தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீண்டு கிடக்கிற வீடு அவருடையது. அதில் அவரும் மனைவியும் மகள் விசாலமும் மூன்று அறைகளில் குடியிருந்தார்கள். மிச்ச அறைகளில் வௌவாலும் கௌரவமும் குடியிருந்தன. விசாலம் ஜோசப் ராஜின் மாணவி. டைப்ரைட்டிங் ஹையர் தேறிவிட்டு வந்தவள். அவள் தட்டும்போது விரல்கள் தெரியாது, சத்தம்தான் தெரியும். ஜோசப் ராஜ் டீ குடிக்கப் போகும் நேரங்களில் மற்றப் பிள்ளைகளுக்கு அவள்தான் சொல்லிக் கொடுப்பாள். ஜோசப் ராஜ் நிறைய டீ குடிப்பார்.

அவளுக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மாப்பிள்ளை அமைந்திருந்தார். ஐப்பசியில் கல்யாணம். அங்கே போனதும் அவளும் வேலைக்குப் போகலாம் என்று மாப்பிள்ளையே சொல்லியிருந்தார். விசாலம் நகை, புடவை எதைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு வாக்கை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு தினமும் வந்து தட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, விஷயம் சாமான் பரப்பு பத்தி," என்று மெய்யநாதன் உட்கார்ந்தார்.

அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில், பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களை எல்லாரும் பார்க்கும்படி வளவு என்கிற உள்கூடம் முழுக்கப் பரப்பி வைப்பது வழக்கம். வெள்ளிக் குடத்திலிருந்து விளக்குமாறு வரை வரிசை பிடித்து உட்கார்ந்திருக்கும். பந்தியில் என்ன போட்டார்கள் என்பது மறந்துபோகும். பரப்பில் என்ன இருந்தது என்பது மறக்காது. போன தை மாதம் மெய்யநாதனின் பங்காளி முருகப்பன், மகள் கல்யாணப் பரப்பில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துவிட்டார். மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு. மவுஸுக்குத் தனியாக ஒரு வெள்ளித் தட்டு. 'டி.வி. நல்லாருக்கு' என்று சொல்லிப் போன ஆச்சிமார்களும் உண்டு. இருந்தாலும் பேர் முருகப்பனுக்குத்தான்.

"இனிமே நானும் கம்ப்யூட்டர் வச்சா, 'ஆமா, இவனும் வச்சிருக்கான்'பாக. அம்புட்டுத்தான். மாப்பிள்ளை அங்குட்டு வயரே இல்லாத கீபோர்டு வச்சிருக்காராம்ல? அதத்தான் சிங்கப்பூர்லருந்து தருவிச்சேன்." பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். "எடுத்துப் பாருங்க. அப்பளம் மாதிரி இருக்கு. எங்க வீட்டுச் சாமான்ல எதையாச்சும் ஒத்தக் கையில தூக்க முடியுமா? இதப் பரப்புல வச்சா ஃபேன் காத்துக்கே பறந்து போயிரும்."

"என்ன செய்யணும்ணே?"

"கனம் வேணும். தட்டுனா கடைசி வரிசையில இருக்கவனுக்கும் கேக்கணும். சுத்தி லைட்டு ஓடணும், செகப்பும் பச்சையுமா. ஆனா வயரு மட்டும் இருக்கக் கூடாது. முடியுமா?"

ஜோசப் ராஜ் சிரித்தார். முடியுமா என்று தன்னையே கேட்டுக்கொள்ளாதவர்களின் சிரிப்பு அது. "மாடியேறி வரும்போது போர்டப் படிச்சீகள்லண்ணே?"

மூலையில் பழைய மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்று கிடந்தது. அடியில் இரும்புத் தகடு, ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனி ஸ்பிரிங், அம்மியைப் போல் எடை. தட்டினால் குதிரை வண்டி போகிற சத்தம். சிங்கப்பூர்க் கீபோர்டின் குடலை உருவி இதற்குள் வைப்பது என்று முடிவு செய்தார். அந்த வேலை அவருக்குக் கைவந்துவிட்டது, அதை மறுக்க முடியாது. வயர் போன இடத்தில் ஓட்டை இருந்தது, வயர் இல்லை. தட்டினால் கொஞ்சம் தள்ளியிருந்த மானிட்டரில் எழுத்து வந்தது. நடுவில் ஆள் நின்றால் மட்டும் வராது.

வம்பு வந்தது லைட்டால்தான். சுற்றி ஓடிய பல்புகள் பென்சில் பாட்டரியைப் பால் குடிக்கிற மாதிரி குடித்தன. ஒரு வேளைக்குக்கூட நிற்கவில்லை. அப்போது அவருக்கு, யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து ரிப்பேருக்குக் கொடுத்துத் திரும்ப வாங்காமல் போன வீடியோ கேமராவின் ஞாபகம் வந்தது. அதில் தட்டையான லித்தியம் பாட்டரி இரண்டு இருந்தன. ஒன்றை அப்படியே வைத்தால் தகட்டுக்கு அடியில் நுழையவில்லை. மேலோட்டை உடைத்தார். உள்ளே நகத்தளவு ஒரு சர்க்யூட் ஒட்டியிருந்தது. சார்ஜ் நிறைந்ததும் கரண்டை அறுத்துவிடுவது, சூடானால் நிறுத்திவிடுவது எல்லாம் அதன் வேலை. லைட்டைப் போட்டபோதெல்லாம் அது தன் வேலையைச் செய்து எல்லாவற்றையும் அணைத்தது. ஜோசப் ராஜுக்கு எரிச்சல் வந்தது. தன் கடையில் தன் பேச்சைக் கேட்காத ஒரு சாமானா? அதை வெட்டி எறிந்தார். அப்புறம் லைட் அழகாக ஓடியது.

சார்ஜ் ஏற்ற, ஒரு கார்டுலெஸ் போனின் பழைய சார்ஜரைப் பிடித்து ஒட்டினார். அது வேறு ஜாதிப் பாட்டரிக்கானது. ஊரில் பல பெரிய மனிதர்களைப் போல, எப்போது நிறுத்த வேண்டும் என்று அதற்கும் தெரியாது.

பெனிட்டா மதியச் சாப்பாடு கொண்டுவந்தவள், மேஜையில் கிடந்த உடைந்த மேலோட்டை எடுத்து இங்கிலீஷை எழுத்துக் கூட்டாமல் படித்தாள்.

"என்னங்க, திறக்காதே, அமுக்காதே, வேற சார்ஜர் போடாதே, தீப்பிடிக்கும்னு போட்டிருக்கே."

"அது கம்பெனிக்காரன் போடுறது. மருந்துச் சீசாவுல 'குலுக்கிக் குடிக்கவும்'னு போட மாட்டானா, அது மாதிரி."

"குலுக்காமக் குடிச்சா தீயா பிடிக்குது?"

"சாப்பாட்ட வச்சிட்டுப் போ, பெனி."

"யாருகிட்டயாச்சும் கேட்டுத்தான் செய்யுங்களேன். மதுரையில ஆளு இல்லாமலா போச்சு?"

"நான் போயி இன்னொருத்தன்கிட்டக் கேக்குறதா?" அந்த நினைப்பே அவருக்குச் சாப்பாட்டைக் கசக்க வைத்தது. அவள் போனதும் மேலோட்டைக் குப்பைக் கூடையில் போட்டு, மேலே ஒரு பேப்பரையும் போட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் விசாலம் வந்து பழகினாள். சம்மந்தி வீட்டார் பரப்பைப் பார்க்க வரும்போது அவள் அதில் தட்ட வேண்டும், திரையில் நல்வரவு வர வேண்டும் என்பது மெய்யநாதனின் ஏற்பாடு. அவள் இரண்டு வரி தட்டிவிட்டுக் கையை எடுத்தாள்.

"சார், இது ஆடுது."

"எது?"

"கீபோர்டு. போன தடவ மேஜையில படிஞ்சு இருந்துச்சு. இப்ப ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. ஸ்பேஸ் பார் எந்திரிக்க மாட்டேங்குது. உள்ள இருக்க எதுவோ உப்பியிருக்கு சார்."

ஜோசப் ராஜ் அடியில் கை வைத்துப் பார்த்தார். தகடு லேசாகப் புடைத்திருந்தது. உள்ளே பாட்டரி ஊதியிருக்கிறது என்று அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அது ஏன், அதனால் என்ன ஆகும் என்பதுதான் தெரியவில்லை.

"எக்ஸ்பான்ஷன்," என்றார். "வோல்டேஜ் நல்லா ஏறினா அப்படித்தான்மா இருக்கும்."

விசாலம் அவரைப் பார்த்தாள். படித்த பிள்ளை. இருந்தாலும் அவள் அவர் மாணவி, அவர் பொறியாளர். "சரி சார்," என்று மறுபடி தட்ட ஆரம்பித்தாள். அவள் போனபின் ஜோசப் ராஜ் ஸ்குருவை இன்னும் இறுக்கினார். இப்போது ஆடவில்லை.

பரப்பு நாளன்று காலையிலிருந்தே தூறல். வளவின் நடுவில் வானம் பார்த்த முற்றத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுற்றுப் பத்தித் தாழ்வாரம் முழுக்க ஜமுக்காளம் விரித்துப் பித்தளை, வெள்ளி, எவர்சில்வர் எல்லாம் வரிசை பிடித்து இருந்தன. நட்ட நடுவில், அடுக்கிய பட்டுப் புடவைகளுக்கு மேல் ஒரு வெல்வெட் மெத்தை. அதில் கீபோர்டு. எதிரே, அகாடமியிலிருந்து இரவல் வந்த ஒரு கம்ப்யூட்டர். செகப்பும் பச்சையும் மாறி மாறி ஓடின.

ஜோசப் ராஜ் கோட் போட்டுக்கொண்டு போயிருந்தார். ஈரப் புழுக்கத்தில் கோட் அவரைப் போட்டிருந்தது என்றும் சொல்லலாம்.

"லைட்டு நிக்கவே கூடாதுன்னுட்டு, விடியக்காலையிலருந்தே சார்ஜர்ல போட்டிருக்கேன்," என்று மெய்யநாதன் அவர் காதில் சொன்னார். "வயரப் புடவைக்கு அடியில விட்டு ஜமுக்காளத்துக்குக் கீழ கொண்டுபோயாச்சு. ஒருத்தனுக்குத் தெரியாது." வயரில்லாத கீபோர்டுக்கு வயரை ஒளித்து வைத்த சந்தோஷத்தில் அவர் முகம் மின்னியது.

ஜோசப் ராஜ் குனிந்து, சரி செய்கிறவர் போல் கை வைத்தார். இட்லிப் பானை மாதிரி சூடு. மெத்தையில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நகப்பூச்சை அழிக்கிற மருந்தின் வாசம் ஒன்று மெல்ல வந்தது. அவர் நிமிர்ந்தார்.

"அண்ணே..."

"என்ன தம்பி?"

"இத... இதக் கொஞ்சம் எடுத்து வச்சிட்டு..."

"எடுக்கவா? பரப்புன சாமான சம்மந்தி பாக்குறதுக்கு முந்தி எடுப்பாகளா? நல்லா இருக்கே! முருகப்பன் அந்தா தூணோரமா நிக்கிறான், பாத்தீகளா. எடுத்தோம்னா ரிப்பேர்னு ஊரு பூரா சொல்லிருவான். எதுக்கு எடுக்கணும்? எதும் கோளாறா?"

இதுதான் இடம். எனக்குத் தெரியவில்லை, பயமாக இருக்கிறது, முதலில் அந்தச் சார்ஜரைப் பிடுங்குங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தார். அதற்குள் வாசலில் மேளம் கேட்டது. சம்மந்தி வீட்டார் உள்ளே வந்துவிட்டார்கள். மெய்யநாதன் ஜோசப் ராஜின் தோளில் கை போட்டுத் திருப்பினார்.

"வாங்க, வாங்க. இவுக நம்ம என்ஜினியர். பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்தவுக. பெரிய மூளை."

மாப்பிள்ளையின் தகப்பனார் கை கூப்பினார். வைரக் கடுக்கன் போட்ட ஒருவர் இவரைப் பார்த்துக் கை கூப்பியது இதுவே முதல் தடவை. திறந்த வாய் சிரிப்பாக மாறிக்கொண்டது. "கோளாறு ஒண்ணும் இல்லண்ணே," என்றார்.

"நடுவுல யாரும் நிக்காதீக! மறைக்காதீக!" என்று மெய்யநாதன் கூட்டத்தை ஒதுக்கினார். விசாலம் புடவை சலசலக்க வந்து மெத்தை முன்னால் உட்கார்ந்தாள். கட்டையில் விரலை வைத்தவள் சட்டென்று இழுத்துக்கொண்டு ஜோசப் ராஜைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். தட்டு என்ற ஆட்டல்.

அவள் தட்டினாள். சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்டது. திரையில் நல்வரவு முக்கால்வாசி வந்திருந்தது.

பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம். கட்டைகளுக்கு இடையிலிருந்து வெள்ளைப் புகை பீறிட்டது. ஏதோ வேடிக்கை என்று நினைத்து யாரோ கைகூடத் தட்டினார். மெத்தை கருகிற்று. தீ அடுத்து எட்டுகிற தூரத்தில், அடியில் பட்டுப் புடவைகள், பக்கத்தில் ஜமுக்காளம், மேலே தேக்கு உத்தரம். எல்லாரும் பின்வாங்கினார்கள். பரப்பின சாமான் மேல் கால் படக்கூடாது என்று பின்வாங்கும்போதும் பாத்திரங்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஜோசப் ராஜ் நின்ற இடத்திலேயே நின்றார்.

விசாலம்தான் எடுத்தாள். ஒளித்து வைத்த வயர் பிய்ந்துவர, இரண்டு கையாலும் அதைத் தூக்கினாள். ஒரு கையால் தூக்க முடியாத கனம் அது. அப்படித்தானே கேட்டுச் செய்தது. வெள்ளிக் குடங்களுக்கு இடையில் முற்றம் வரை நடந்துபோய் மழையில் எறிந்தாள். மழையிலும் அது எரிந்துகொண்டுதான் இருந்தது. அப்புறம்தான் அவள் தன் கையைப் பார்த்தாள். அப்புறம்தான் கத்தினாள்.

கல்யாணம் தள்ளிப்போகவில்லை. முகூர்த்தத்தை மாற்றினால் ஊர் பேசும். துணி சுற்றிய கைகளோடு மணையில் உட்கார்ந்தாள். மாலையை அவளுக்காக வேறொருத்தி பிடித்துக்கொண்டாள். திருஷ்டி கழிந்தது என்றார்கள் சிலர். முருகப்பன் கண் பட்டது என்று மெய்யநாதன் வீட்டார் சொன்னார்கள். தாலி ஏறியதும் அன்றே அவளை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் நாள் ஜோசப் ராஜ் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனார். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். மெய்யநாதன் வராந்தாவிலேயே மறித்துவிட்டார்.

"தம்பி, ஒரு உதவி. அது நீங்க செஞ்சதுன்னு யாருகிட்டயும் வாய் விட்டுறாதீக. அமெரிக்கச் சாமான்னு சம்மந்தி வீட்டுல சொல்லியிருக்கேன். செக்காலையில ஒட்டுப்போட்டதுன்னு தெரிஞ்சா என் மானம் போயிரும்."

"இல்லண்ணே, தப்பு என்மேலதான்..."

"அட, உங்க தப்ப யாரு கேட்டா? என் மானத்தப் பத்தி பேசிக்கிட்டிருக்கேன்."

உள்ளே போக விடவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியைப் பெனிட்டா முகத்திலேயே படித்துவிட்டாள். அவள் ஏதாவது திட்டினால் தேவலை என்று அவருக்கு இருந்தது. அவள் மூன்றாம் வகுப்புப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

மார்கழியில் முருகப்பன் படியேறி வந்தார். இரண்டாவது மகளுக்கும் வரன் அமைந்துவிட்டதாம்.

"அத மாதிரி எனக்கும் ஒண்ணு செய்யணும் தம்பி. புகை மட்டும் வேணாம். நீங்கதான் செஞ்சீகன்னு எனக்குத் தெரியும். என்கிட்ட எதையும் மறைக்க முடியாது."

"எனக்கு அது தெரியாதுண்ணே," என்றார் ஜோசப் ராஜ். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல் வெளியே வந்தது. "நெசமாத்தான். பாட்டரி பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது."

முருகப்பன் அவரைக் கூர்ந்து பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "தெரியாதுன்னு சொல்லச் சொன்னானாக்கும் மெய்யநாதன்? படு கெட்டிக்காரன்யா அவன்! யோசிச்சு வைங்க, பொங்கல் கழிச்சு வாரேன்."

அந்த வாரமே விசாலம் வந்தாள். மாப்பிள்ளை தனியாகத்தான் விமானம் ஏறியிருந்தார். கை ஆறட்டும், அப்புறம் அழைத்துக்கொள்ளலாம் என்று அங்கே பேச்சு. ஆறிவிட்டது. ஆறின தோல் இறுகி, வலது கையில் விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. அவள் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தினாள். முதல் நாள் வருகிற பிள்ளைகள் அப்படித்தான் குத்தும்.

குத்திக்கொண்டே, திரும்பாமலே கேட்டாள். "சார், அன்னைக்கு அது உப்பியிருந்ததும் சுட்டதும் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா," என்றார்.

முருகப்பனிடம் அந்தச் சொல் எத்தனை கனமாக இருந்தது. இப்போது எத்தனை லேசாக வந்துவிட்டது.

"எனக்குத் தெரிஞ்சுச்சு சார். விரல வச்சதுமே தெரிஞ்சுச்சு. நீங்க நிக்கிறீகளேன்னுதான் தட்டுனேன்."

அவள் எழுந்து போனாள். கைப்பிடியைப் பிடிக்காமல் படியிறங்கும் சத்தம் கீழே சைக்கிள் கடை வரை கேட்டது.

ஜோசப் ராஜ் மேஜை டிராயரைத் திறந்தார். கேமராவின் இரண்டாவது பாட்டரி அங்கே கிடந்தது. அதன் சர்க்யூட்டையும் வெட்டிவிட்டு, அந்தச் சார்ஜரை முதலில் அதில்தான் போட்டுப் பார்த்திருந்தார். இப்போது அது உப்பி, மேலோடு பிளந்து கிடந்தது. குப்பையில் போடலாமா? குப்பையைத் தெருவில் கொளுத்துவார்கள். தண்ணீரில் போடலாமா? மழையிலும் எரிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறார். மண்ணில் புதைக்கலாமா, ஓட்டை போட்டுக் காற்றை விடலாமா, தொடலாமா, இப்படியே இந்த மரப்பெட்டிக்குள் இன்னொரு நாள் வைக்கலாமா என்று எதுவும் தெரியவில்லை.

கேட்க வேண்டியதுதான். ஆனால் செக்காலையில் யாருக்காவது இந்த மாதிரி ஒரு சந்தேகம் வந்தால், நேரே மாடியேறி வந்து ஜோசப் ராஜிடம்தான் கேட்பார்கள். டிராயரைச் சத்தம் வராமல் மெல்லத் தள்ளி மூடிவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.